கல் சுட்ட வெள்ளிக்கிழமை

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது மணிலாவில்.

போன வருடம் பிப்ரவரியில் ஓய்வு பெற்ற டீச்சரான நான் ஒரு மொழிபெயர்ப்பாளர் கூட்டத்துக்காக அங்கே நான்கு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் கூட்டத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, பெரிய சாலை ஒன்றின் ஓரத்தில் நடந்த நினைவுத் திருப்பலிக்குப் போனேன். நாற்பது வருடங்களுக்கு முன் அந்தச் சாலையில்தான் ஜனங்கள் லட்சக்கணக்கில் கூடி, கையில் ஜெபமாலையோடு ராணுவ டாங்கிகளை மறித்து, ஒரு சர்வாதிகாரியை நாட்டை விட்டே அனுப்பி வைத்தார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த வயதான கன்னியாஸ்திரி தன் டப்பாவைத் திறந்து எனக்கும் சோறும் கருவாடும் கொடுத்தார். பெயர் சிஸ்டர் லிகாயா. "நான் அன்றைக்கு மண்டியிட்ட இடம் இப்போது அந்த மேம்பாலத் தூணுக்கு அடியில் இருக்கிறது" என்றார்.

கருவாட்டைத் தின்றுவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்கள் மாவட்டத்திலும் இப்படி ஒன்று நடந்தது சிஸ்டர்" என்று ஆரம்பித்தேன். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம், கல்குவாரியை எதிர்த்துப் பெண்கள், சிலுவைப் பாதை நடத்தியே லாரிகளை நிறுத்திய கதை. கேட்கக் கேட்க அவர் கண் விரிந்தது. நானும் அளந்தேன், அங்கேயே கிடந்து போராடியவள் மாதிரி. உண்மையில் நான் திருச்சியிலிருந்து ஒரே ஒரு வெள்ளிக்கிழமை போய், அரைமணி நேரம் நின்று, எட்டு போட்டோ எடுத்துக்கொண்டு பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பியவள். அதை மட்டும் சொல்லவில்லை.

"வந்து பார்க்கிறேன்" என்றார் சிஸ்டர். வெளிநாட்டுக்காரர்கள் மரியாதைக்குச் சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன். இந்தத் தவக்காலத்தில் வந்தேவிட்டார்.

ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் ஸ்டேஷனுக்கு அலையப் போவது இதைப் படிக்கிறவர்கள் அல்ல. விராலிமலையிலிருந்து மினிபஸ்ஸில் முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை காலை திருச்சியில் பஸ் ஏறினோம். சிஸ்டருக்கு ஜன்னலோரம் வேண்டும், அதுவும் முன்னால். முன் சீட்டுப் பெரியவர் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, "நேபாளமா?" என்று என்னிடம் கேட்டார். பின்னால் இருந்த அம்மாள், "மணிப்பூர்ப் பிள்ளைங்க இப்படித்தான் இருக்கும்" என்று தீர்ப்புச் சொன்னார். பிலிப்பைன்ஸ் என்றேன். அது எந்த ஸ்டேட் என்று யாரோ கேட்டார்கள். சிஸ்டர் எல்லோருக்கும் ஒரே பதிலாக "வணக்கம்" சொல்லிக்கொண்டு வந்தார். நான் சொல்லிக் கொடுத்த ஒரே சொல் அதுதான்.

விராலிமலையில் டீயும் உளுந்த வடையும். டீக்கடைக் கூரையில் மயில் ஒன்று உட்கார்ந்து கத்தியது. அதை சிஸ்டர் போனில் பிடிக்க, டீக்கடைக்காரர் கல்லாவை விட்டு வந்து மயிலை ஒழுங்காகத் திரும்பச் சொல்லி அதட்டினார். அது திரும்பவில்லை. மணிலாவில் டீயில் இவ்வளவு சர்க்கரை போட மாட்டார்களாம். மூன்று டம்ளர் குடித்தார்.

மினிபஸ் கிளம்பிக் கால்மணி நேரத்தில் பள்ளத்தில் இறங்கியது. எதிரே வரிசையாக டிப்பர் லாரிகள். ஒதுங்கிக் கொடுக்கப் போய்ப் பின்சக்கரம் வாய்க்காலுக்குள் போய்விட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். சிஸ்டரும் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளினார். லாரிக்காரர்கள் ஒருவர்கூட வேகத்தைக் குறைக்கவில்லை. தலையிலிருந்து கால்வரை வெள்ளைப் புழுதி.

"நீங்க ஏங்க ஒதுங்கணும்? அவன் ஒதுங்கக் கூடாதா?" என்று கண்டக்டரிடம் சண்டைக்குப் போனேன்.

"டிப்பர் வந்தா நாமதாங்க ஒதுங்கணும். ரோடே அவுங்க போட்டதுதான."

"எந்தக் குவாரி லாரி இது?"

"மலைக்கு அங்கிட்டு இருக்குல்ல, அதாங்க. மூணு வருசமா ஓடுதே, ஒங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாது. குவாரியை மூடிவிட்டார்கள், மலை பிழைத்துவிட்டது என்று நாடு விட்டு நாடு போய்ப் பெருமை பேசியவளுக்குத் தெரியாது. கண்டக்டர் என்ன சொன்னார் என்று சிஸ்டர் கேட்டார். வண்டி கிளம்பப் போகிறது என்று மொழிபெயர்த்தேன்.

ஊரில் நாங்கள் தங்கியது செசிலி அக்கா வீட்டில். ஐம்பத்தெட்டு வயது, சத்துணவுக்கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவர். என் எட்டு போட்டோக்களிலும் முன்வரிசையில் சிலுவையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர் இவர்தான். எங்கள் கோலத்தைப் பார்த்து, "டிப்பர் அபிசேகம் ஆயிருச்சா? இங்கிட்டு வாங்க, மொதல்ல மூஞ்சியக் கழுவுங்க" என்றார். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் கத்திரிக்காயும் வைத்திருந்தார். சிஸ்டர் முகர்ந்து பார்த்துக் கைதட்டினார். அவர்கள் ஊரில் காலையிலேயே கருவாடும் பொரித்த சோறும் சாப்பிடுவார்களாம். "காலையிலேயேவா? அப்ப நம்மாளுதான்" என்று செசிலி அக்கா இன்னொரு கரண்டி ஊற்றினார்.

டிவிக்கு மேலே அந்தோணியார் சுரூபம், அதன் காலடியில் பிளாஸ்டிக் உறை போட்ட புது பாஸ்போர்ட். போராட்டம் நடந்த வருடம் செசிலி அக்கா மேலும் இன்னும் ஆறு பெண்கள் மேலும் வழக்குப் போட்டார்கள். பல வருடம் கீரனூர் கோர்ட்டுக்கு நடந்தார். அந்த வழக்கால் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. ஒரே மகள் ஜெனிபர் குவைத்தில் நர்ஸ், மாப்பிள்ளை அறந்தாங்கிக்காரர், அங்கேயே டிரைவர். முதல் பிரசவத்துக்கு அம்மா போக முடியவில்லை. பிள்ளை குறை மாதத்தில் பிறந்து நான்காம் நாள் இறந்துவிட்டது. மாப்பிள்ளை வண்டியில் எங்கேயோ இருந்திருக்கிறார். ஜெனிபர் தனியாக ஆஸ்பத்திரியில் கிடந்து போனில் அழுததை செசிலி அக்கா எங்களிடம் அழாமல் சொன்னார்.

"போன வருசம் கேஸு முடிஞ்சிருச்சு டீச்சர். போன மாசம் இது வந்துச்சு. இப்ப மறுபடி ஆறு மாசம் அவளுக்கு. ஈஸ்டர் முடிஞ்ச கையோட போறேன். டிக்கெட்டு போட்டாச்சு."

இதை சிஸ்டரிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அந்தோணியார் காலடியிலேயே வைத்தார்.

வியாழக்கிழமை காலை செசிலி அக்காவோடு மலையைப் பார்க்கப் போனோம். கூடவே பொன்னழகு வந்தார், அடுத்த தெருக்காரர். அவர்களுக்கு மலையடிவாரத்தில் கருப்பர் கோயில். மலையுச்சியில் எங்கள் சிலுவை. ஊர்ப்பக்கம் இருந்து பார்த்தால் மலை முழுசாகத்தான் தெரிகிறது. சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனால் பாதியைக் காணோம். நேராக வெட்டி எடுத்திருக்கிறார்கள், அடியில் பச்சையாகத் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். "நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னீர்களே" என்றார். எனக்கு வந்த கோபத்தில் பொன்னழகு மேல் பாய்ந்தேன். இவ்வளவு நடந்திருக்கிறது, ஒரு போன் போட்டுச் சொல்லக் கூடாதா?

"ஒங்க நம்பரு எங்கிட்ட எப்படிங்க இருக்கும்?" என்றார் அவர், சாதாரணமாக.

அதற்குமேல் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். நடந்தது இதுதான். போராட்டம் நடந்த வருடம் கூட்டம் போட்டால் கைது, கொடி பிடித்தால் கைது என்றிருந்தது. ஆனால் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஊர்க்காரர்கள் அடிவாரத்திலிருந்து உச்சிவரை, இயேசு சிலுவை சுமந்ததை நினைத்து, பதினான்கு நிலைகளில் நின்று முட்டி போட்டுச் சிலுவைப் பாதை செய்வது தலைமுறை வழக்கம். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. குவாரி லாரியும் அதே பாதையில்தான் வந்தாக வேண்டும். செசிலி அக்காவும் பெண்களும் வெள்ளிக்கிழமைச் சிலுவைப் பாதையைத் தினசரி ஆக்கினார்கள். உச்சிக்குப் போய் முடித்ததும் கீழே வந்து முதல் நிலையிலிருந்து மறுபடி தொடங்குவார்கள். ஒரு லாரி நகர முடியாது. ஒரு கல் எறியவில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. கருப்பர் கோயில்காரர்கள் பானகம் கரைத்துக் கொடுத்தார்கள், பிறகு அவர்களும் வரிசையில் சேர்ந்தார்கள்.

"எங்களுக்குப் பாட்டு தெரியாதுங்க. முட்டி போடத் தெரியும்ல" என்றார் பொன்னழகு.

நாற்பது நாள். கடைசியில் கலெக்டர் ஆபீசில் எழுதிக் கொடுத்தார்கள்: வழிபாட்டு வழக்கம் இருக்கும் வரை இந்தப் பாதையையும் பாதை போகிற மலைச்சரிவையும் தொடுவதில்லை. அதனால்தான் குவாரிக்காரர் பின்பக்கமாகப் போனார். இப்போது பின்பக்கத்தில் கல் தீர்ந்துவிட்டது. முன்பக்கம் வேண்டும். முன்பக்கம் வேண்டுமென்றால் வழக்கம் நிற்க வேண்டும்.

வழக்கத்தை எப்படி நிறுத்துவது? அடித்தால் நிற்காது என்று அவருக்குத் தெரியும். ஆகவே பக்தியாக நிறுத்தினார். ஊர் சர்ச் வளாகத்துக்குள்ளே பளபளவென்று பதினான்கு கறுப்புக் கிரானைட் நிலைகள் கட்டிக் கொடுத்தார். சுற்றிலும் பாலிஷ் போட்ட கல் தரை. முதல் நிலைக்குக் கீழே பொன் எழுத்தில், "மக்களின் அறப்போராட்ட நினைவாக" என்று ஒரு வரி. அடுத்த வரியில் "உபயம்" என்று போட்டு அவர் பெயர். எந்த மலையைக் காப்பாற்ற முட்டி தேய்ந்ததோ அந்த மலையின் வயிற்றிலிருந்து எடுத்த கல். உபயம் என்றால் பெயர் போடுவது நம் வழக்கம்தானே, ட்யூப்லைட்டில்கூட வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பெயர் எழுதுகிறவர்கள்தானே நாம். ஒருவருக்கும் உறுத்தவில்லை.

போன வருடம் திறப்புவிழா. பெரிய பந்தல், மின்விசிறி, பிறகு சாப்பாடு. மூட்டுவலிக்காரப் பெண்கள் நிழலில் சுகமாக முட்டி போட்டுச் சிலுவைப் பாதையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மலைக்கு ஒருவரும் போகவில்லை. ஒரு வருடம் வழக்கம் விட்டுப் போயிற்று.

"சாமிய நல்ல எடத்துல கும்புட்டோம்னுதான் நெனச்சோம்" என்றார் செசிலி அக்கா. "நெழலுக்கு ஆசப்பட்டுட்டோம் டீச்சர்."

இந்த வருடமும் போகாவிட்டால் முடிந்தது கதை. பாதையை வேலி போட்டு அடைத்துவிடுவார்கள். ஏற்கெனவே அடிவாரத்தில் இரும்புச் சங்கிலி கட்டித்தான் இருக்கிறது.

நேரே பங்குச்சாமி வீட்டுக்குப் போனேன். சின்ன வயதுப் பாதிரியார், நல்ல மனிதர், சர்பத் கொடுத்தார். அதுவே எனக்கு இன்னும் எரிச்சல். உபயம் விஷயத்தைக் கேட்டேன்.

"டீச்சர், வயசானவுங்க வெயில்ல மலை ஏறி மயக்கம் போட்டு விழுறாங்க. ஒருத்தர் நல்லது செய்றார், வேண்டாங்கலாமா? அதோட தாசில்தார் போட்ட அமைதிக் கூட்டத்துல கேட்டாங்க, இனிமே வளாகத்துக்குள்ளதான்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். நாளைக்கு வளாகத்துல சிலுவைப் பாதைக்கு முன்னாடி சிஸ்டர் பேசும்போது நீங்கதான மொழிபெயர்க்கிறீங்க? போராட்டம்னு சொல்லாதீங்க. பக்தி முயற்சின்னு சொல்லுங்க."

சர்பத்தைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். வாசலைத் தாண்டியதும் தாகம் தாங்கவில்லை.

அன்று மத்தியானம் சிஸ்டரை அந்தக் கறுப்புக் கற்களுக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தி, தமிழ் எழுத்தை வரி வரியாகச் சொன்னேன். உபயம் என்ற சொல்லுக்கு மட்டும் கால்மணி நேரம் விளக்கம். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. என்னைத் திட்டித் தீர்ப்பார் என்று பார்த்தால், அவர் சிரித்துவிட்டார். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "நாளைக்கு நான் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது" என்றார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு விழா. விருந்தினர் வருகை என்று சிஸ்டர் படம் போட்டு ப்ளெக்ஸ். அவர் முகத்தைவிடப் பெரிதாகக் குவாரிக்காரர் முகம். அவர் வரவில்லை, தம்பியை அனுப்பியிருந்தார். எழுபது எண்பது பெண்கள், சில ஆண்கள், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு மரத்தடியில் நின்றார்கள். சிஸ்டர் பேசினார். நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னேன்.

"எங்கள் ஊரிலும் நாங்கள் மண்டியிட்ட இடத்தில் நினைவு ஆலயம் கட்டினார்கள். வருடா வருடம் போய்ப் பாடினோம். படம் எடுத்துக்கொண்டோம். நினைவு நாளில் நினைத்துவிட்டு மற்ற நாளெல்லாம் மறந்தோம். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சிலை இருக்கிறதே, அது சொல்லும் என்று விட்டுவிட்டோம். கடைசியில், யாரை விரட்டினோமோ அவருடைய மகனையே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்து உட்கார வைத்தோம். யாரும் எங்களை ஏமாற்றவில்லை. நாங்கள் சௌகரியமாக இருந்தோம்."

பங்குச்சாமி என் முழங்கையைத் தொட்டு, "டீச்சர், பக்தி..." என்றார். "அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன்" என்று மைக்கிலேயே சொன்னேன். ஒருவரும் கைதட்டவில்லை.

கைதட்டாதது போகட்டும். உடனே எல்லோரும் கிளம்பி மலைக்குப் போவார்கள் என்று எதிர்பார்த்தேன். நடந்தது என்ன? சாமி மணி அடித்தார், அத்தனை பேரும் அடக்க ஒடுக்கமாக முதல் கிரானைட் நிலைக்கு நடந்தார்கள். செசிலி அக்காவும்! முப்பது வருடம் வகுப்பறையில் கத்திய பழக்கத்தில், இங்கேயும் கத்திவிடுவேனோ என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

ஆனால் இந்த வருடம் பந்தல் இல்லை. பங்குனி வெயில், கறுப்புக் கல், அதற்குப் பாலிஷ் வேறு. வெறுங்காலோடு கல் தரையில் ஏறிய முதல் வரிசை அப்படியே துள்ளியது. "ஆத்தாடி" என்று ஒரு கிழவி புடவையைச் சுருட்டிக்கொண்டு மண்ணுக்குத் தாவினார். சாமி மட்டும் செருப்போடு நின்று முதலாம் நிலையை வாசித்துக்கொண்டிருந்தார். முட்டி போடுகிற இடம் வந்தது. செசிலி அக்கா முட்டி போட்டார். ஒரு கணம் இருந்தார். எழுந்தார்.

"சாமி, முட்டி போட முடியல. கல்லு சுடுது."

"கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா, தண்ணி தெளிக்கச் சொல்றேன்."

"வேண்டாங்க சாமி. நாங்க மண்ணுல போயி போட்டுக்கிறோம்."

"இங்க மரத்தடியில..."

"பாதைக்குத்தான் போறோம்."

சாமி புத்தகத்தை மூடினார். "அம்மா, நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"நீங்க போட்டீங்க சாமி. நாங்க போடலையே."

செசிலி அக்கா வாசலில் செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளவில்லை. பொன்னழகும் அவர் தெருப் பெண்களும் வெளியே புளியமரத்தடியில் தயாராக நின்றதைப் பார்த்தபோதுதான் இது கல்லின் வேலை மட்டும் இல்லை என்று எனக்கு உறைத்தது. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் கேட்டைத் தாண்டினார்கள். குவாரிக்காரர் தம்பி போனைக் காதில் வைத்துக்கொண்டு அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தார்.

சங்கிலி கட்டிய இடத்துக்கு நாங்கள் போய்ச் சேரும்போது போலீஸ் வண்டி வந்துவிட்டது. இளம் எஸ்.ஐ., இரண்டு காவலர்கள். பின்னால் நான்கு டிப்பர்கள் இஞ்சினை நிறுத்தாமல் நின்றன. பெண்கள் சங்கிலிக்கு முன்னால் முட்டி போட்டு இரண்டாம் நிலையை முடித்தார்கள். எஸ்.ஐ. மரியாதையாகக் காத்திருந்துவிட்டுப் பேசினார்.

"அம்மா, இது முன்னாடி வழக்கம். இப்ப இல்லன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க."

"நாங்க எங்க குடுத்தோம்?"

அவர் ஒரு நகலை நீட்டினார். சாமியின் கடிதம். பின்னால் இரண்டு பக்கம் பெண்களின் கையெழுத்து. முதல் கையெழுத்து செசிலி அக்காவுடையது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பந்தல்ல, சாப்பாட்டுக்கு முன்னாடி வாங்குனது. வந்தவுங்க பேருன்னு சொன்னாங்க" என்றார் மெதுவாக.

ஒரு கூட்டம் பெண்களை இத்தனை சுலபமாக ஏமாற்றலாம் என்று எவனோ உட்கார்ந்து யோசித்திருக்கிறான். சாமிக்கு அது தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியவில்லை என்றால் மட்டும் என்ன? படித்துப் பார்க்காமல் அனுப்பியவரும் அவர்தானே. நான் எஸ்.ஐ.யிடம் சட்டம் பேச வாயெடுத்தேன். செசிலி அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சார், இப்ப நாங்க போகலன்னா என்ன செய்வீங்க?"

"அனுமதி இல்லாமக் கூடுனதா கேஸ் போட வேண்டியிருக்கும்மா. எதுக்கும்மா வம்பு? கலைஞ்சு போயிருங்க, நான் எதுவும் எழுதல."

"எழுதுங்க."

"என்னம்மா?"

"கேஸ் போடுங்க சார். இந்தத் தேதி, இத்தன மணிக்கு, இந்த ஊரு பொம்பளைங்க இந்தப் பாதையில வழக்கமா சிலுவைப் பாதை நடத்துனாங்கன்னு எழுதுங்க. வழக்கம் நிக்கலன்னு கவர்மெண்டு தாள்லயே இருக்கட்டும். எம் பேர மொதல்ல போடுங்க."

கோர்ட்டுக்கு நடந்த வருடங்களில் அவர் சும்மா நடக்கவில்லை. எஸ்.ஐ.க்கும் புரிந்துவிட்டது. அவர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். இந்த முறை கேஸ் வேண்டாம் என்று கெஞ்சியது போலீஸ். "அக்கா, கேஸ் விழுந்தா உங்க பாஸ்போர்ட்ட முடக்கிருவாங்க..." என்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

சிஸ்டர் தன் பெயரையும் கொடுப்பேன் என்று முன்னால் வந்தார். சுற்றுலா விசாவில் வந்தவரை வைத்து வெளிநாட்டுச் சதி என்று நாளைக்கே எழுதிவிடுவார்கள். வலுக்கட்டாயமாகப் பாதையோர மரத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினேன். அவரை அவ்வளவு கோபமாக நான் பார்த்ததில்லை. "டாங்கிக்கு முன்னால் நின்றவளை மரத்துக்குப் பின்னால் நிற்கச் சொல்கிறாயா?" என்றார். ஆமாம் என்றேன்.

திரும்பி வந்தபோது எஸ்.ஐ. ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். முப்பத்தொன்பது பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். பொன்னழகு ஏழாவது. எஸ்.ஐ. என்னைப் பார்த்து, "மேடம், நீங்க இந்த ஊரு இல்லல்ல?" என்றார், ஒரு பெயராவது குறையட்டும் என்று. எட்டு போட்டோ எடுத்த அன்று போலீஸ் கேட்டபோது நான் இந்த ஊர் இல்லை என்றுதான் சொல்லியிருந்தேன். இந்த முறை பெயரைச் சொன்னேன். ரெஜினா, தகப்பனார் பெயர் மரியதாஸ், வயது அறுபத்தொன்று.

செசிலி அக்கா தாளைக் கையில் வாங்கினார். கண்ணாடி இல்லாமல் எட்டத்தில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். டிப்பர் டிரைவர்கள்கூட இறங்கி வந்து கேட்டார்கள். பாதி தூரத்தில் நிறுத்தினார்.

"சாலை மறியல்னு போட்டிருக்கீங்க."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. செக்ஷன் அதுதான்."

"நாங்க மறிக்க வரல. முட்டி போட வந்தோம். வழக்கமான சிலுவைப் பாதைன்னு போடுங்க. அப்பத்தான் கையெழுத்து."

எஸ்.ஐ. சங்கிலியைப் பார்த்தார், லாரிகளைப் பார்த்தார், யாருக்கோ போன் போட்டு எடுக்காமல் போகவே கீழே வைத்தார். பிறகு மறியல் என்பதை அடித்துவிட்டு, மேலே சின்ன எழுத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். செசிலி அக்கா அந்த வரியை மட்டும் மறுபடி ஒருமுறை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.

பெண்கள் மூன்றாம் நிலைக்கு எழுந்தார்கள். யாரோ சங்கிலியை இடுப்பளவு தூக்கிப் பிடிக்க, ஒவ்வொருவராகக் குனிந்து போனார்கள். காவலர்கள் தடுக்கவில்லை. செசிலி அக்கா மட்டும் நின்று, முந்தானையில் முடிந்து வைத்திருந்த போனை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"ஜெனிபருக்கு நீங்கதான் சொல்லணும் டீச்சர். அம்மா வரலேன்னு சொல்லிருங்க. எனக்கு அதுக்குத் தெம்பு இல்ல."

சொல்லிவிட்டுக் குனிந்து அந்தப் பக்கம் போய்விட்டார்.